சேர்க்க கணினி போதும், நீக்க உங்கள் கையெழுத்து வேண்டும்: வாக்காளர் பதிவு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் வாக்காளர் பதிவு அதிகாரிகளுக்கும் மாவட்டத் தேர்தல் அதிகாரிகளுக்கும்,
நகல்: தலைமைத் தேர்தல் அதிகாரி; தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம்; இந்தியத் தேர்தல் ஆணையம்

ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் யார் பெயர் இருக்க வேண்டும், யார் பெயர் நீங்க வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் உங்களிடம்தான் கொடுத்திருக்கிறது. கோட்டாட்சியராக, துணை ஆட்சியராக, மாநகராட்சி அலுவலராக நீங்கள் பார்க்கும் அன்றாட வேலைக்கு மேல் ஏற்றி வைக்கப்பட்ட பொறுப்பு இது. சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தில் உங்கள் பதவிதான் இருக்கிறது. எந்த மென்பொருளின் பெயரும் இல்லை.

நடைமுறையோ வேறு திசையில் போகிறது. எங்கோ ஒரு சர்வர் இரண்டு பதிவுகளை ஒப்பிட்டு ஒரு பெயருக்குப் பக்கத்தில் குறி போடுகிறது. அந்தக் குறி உங்கள் திரைக்கு வருகிறது. குறி விழுந்தவருக்கு நோட்டீஸ் போகிறது. அவர் வரவில்லை என்றால் பெயர் போகிறது. எந்த விதியின்படி குறி விழுந்தது, அந்த விதி எத்தனை முறை தவறும் என்று கேட்டால் உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் பதில் தெரிவதில்லை. தெரியாதது உங்கள் குற்றமல்ல, உங்களுக்கே சொல்லப்படவில்லை. ஆனால் தெரியாத ஒன்றின் அடிப்படையில் ஒருவரின் வாக்குரிமையில் கைவைப்பதை ஏற்க முடியாது.

நாங்கள் பட்டியலைப் பாகம் பாகமாக (ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பட்டியல் ஒரு பாகம்) சரிபார்ப்பவர்கள். எங்களில் சிலருக்குத் தரவுப் பொருத்தமே தொழில். கணினியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆறு கோடிப் பெயர்களைக் கண்ணால் மட்டும் பார்த்து இரட்டைப் பதிவைப் பிடிக்க முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். இறந்தவர் பெயர் பட்டியலில் இருப்பதும் இடம் மாறியவருக்கு இரண்டு ஊரில் வாக்கு இருப்பதும் உண்மையான கோளாறுகள். கேள்வி, கணினி போடும் குறிக்கு என்ன மதிப்பு என்பதே.

முதலில் அளவைப் பார்ப்போம். வாக்காளர் பட்டியலை வீடு வீடாகப் படிவம் கொடுத்துப் புதிதாகத் தயாரிக்கும் சிறப்புத் தீவிரத் திருத்தம் (எஸ்.ஐ.ஆர்.) தொடங்கியபோது தமிழ்நாட்டில் 6.41 கோடி வாக்காளர்கள். 2025 டிசம்பர் 19 அன்று வெளிவந்த வரைவுப் பட்டியலில் 5.43 கோடி. வித்தியாசம் சுமார் 97 லட்சம். இறந்தவர்கள் சுமார் 27 லட்சம், இடம்பெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் சுமார் 66 லட்சம், இரட்டைப் பதிவு 3 லட்சத்துக்கு மேல் என்று கணக்குச் சொல்லப்பட்டது. இந்த 97 லட்சத்தையும் மென்பொருள் நீக்கிவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. பெரும்பகுதி, கணக்கெடுப்புப் படிவம் திரும்பி வராததால் போனவை. மென்பொருளின் வேலை அதற்குப் பிறகும் அதைச் சுற்றியும் நடக்கிறது. 2002, 2005ஆம் ஆண்டுகளின் பழைய பட்டியலோடு இன்றைய வாக்காளரை இணைப்பது ஒன்று. பெயர், உறவினர் பெயர், வயது, பாலினம் ஆகியவை ஒத்திருக்கும் பதிவுகளை ‘டி.எஸ்.இ.’ என்று ஒதுக்குவது இன்னொன்று. முகம் ஒத்திருக்கும் புகைப்படங்களை ‘பி.எஸ்.இ.’ என்று ஒதுக்குவது மூன்றாவது. இவற்றோடு, மேற்கு வங்கத்தில் வெளிச்சத்துக்கு வந்த ‘தர்க்க முரண்பாடு’ என்ற வகையும் சேர்ந்துகொண்டது: தந்தை பெயர் பொருந்தவில்லை, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் வயது வித்தியாசம் 15க்குக் குறைவு, ஒரே பெற்றோரோடு ஆறு பேருக்கு மேல் இணைந்திருக்கிறார்கள் என்பது போன்ற விதிகள். அங்கே ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அந்த வலையில் விழுந்தார்கள். பெயர்களைப் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் வட்டார அலுவலகங்களிலும் ஒட்டுமாறு உச்ச நீதிமன்றம் 2026 ஜனவரியில் உத்தரவிட்ட பிறகுதான், யார் யார் என்பதே பொதுவில் தெரிய வழி பிறந்தது.

இனி இந்த விதிகள் தமிழ்ப் பெயர் மேல் விழும்போது என்ன ஆகிறது என்று சற்று விரிவாகவே சொல்கிறோம். உங்களுக்குக் கீழே வேலை செய்யும் வாக்குச்சாவடி நிலை அலுவலருக்கும் (பி.எல்.ஓ.) இது பயன்படும்.

பெயர் ஒப்பீட்டுக் கணக்குகள் எழுத்து வித்தியாசத்தை எண்ணுகின்றன. ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை குறிகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்பதுதான் அடிப்படை. ‘லட்சுமி’யை ‘லக்ஷ்மி’ ஆக்க மூன்று மாற்றம் வேண்டும். ‘கமலா’வை ‘விமலா’ ஆக்க இரண்டே போதும். ‘செல்வன்’ ‘செல்வம்’ ஆக ஒன்று போதும். அதாவது ஒரே பெண்ணின் இரண்டு எழுத்துக்கூட்டல்கள் கணினிக்குத் தொலைவில் நிற்கின்றன. ஒரே வீட்டில் பிறந்த அக்காளும் தங்கையும் பக்கத்தில் நிற்கிறார்கள். அக்காள் தங்கைக்குத் தந்தை பெயர் ஒன்று, முகவரி ஒன்று, வயதும் ஓரிரண்டு வித்தியாசம், முகச்சாயலும் ஒன்று. டி.எஸ்.இ., பி.எஸ்.இ. இரண்டும் சேர்ந்து அடிக்கும். இரட்டைப் பிள்ளைகள் என்றால் கேட்கவே வேண்டாம்.

சொல்லின் தொடக்கம் ஒத்திருந்தால் கூடுதல் மதிப்பெண் தரும் ஜாரோ-விங்க்ளர் என்ற கணக்கு உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ளது. ஆங்கிலப் பெயரில் பிழை பெரும்பாலும் நடுவிலும் கடைசியிலும் வரும் என்ற அனுபவத்தில் பிறந்தது அது. தமிழிலோ தொடக்கமே ஆடும்: ராமசாமி–இராமசாமி, ரங்கநாதன்–அரங்கநாதன், லட்சுமணன்–இலட்சுமணன். இனிஷியலை முன்னால் போடுவோர் பாதி, பின்னால் போடுவோர் மீதி. மறுபக்கம், ‘முகமது’ என்று தொடங்கும் அண்ணன் தம்பிகளான முகமது இப்ராகிமும் முகமது இஸ்மாயிலும் அந்தத் தொடக்கத்துக்காகவே அதிக மதிப்பெண் வாங்கி ‘ஒரே ஆள்’ ஆகிவிடுவார்கள். அதே முகமது அடுத்த பட்டியலில் முகம்மது, முஹம்மது, மொகமது என்று இருந்தால் தன்னோடு தானே பொருந்த மாட்டார். இப்படித் தவறு இரண்டு பக்கமும் விழுகிறது. தாங்குவது என்னவோ எப்போதும் வாக்காளர்தான்.

இனிஷியல் தனிக் கதை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துதான். படிவத்தில் ஆங்கிலத்தில் ஒரு பெயர், தமிழில் ஒரு பெயர் எழுத வேண்டும். ஆங்கில ‘கே’ என்பது கண்ணனா, குப்புசாமியா, கோதண்டமா? தமிழில் க., கு., கோ. என்று மூன்று வேறு எழுத்து. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு எழுத்துப்பெயர்ப்பு மென்பொருள் மாற்றும்போது தனம் டனம் ஆகிறார், வள்ளி வல்லி ஆகிறார். பட்டியலை ஒருமுறை புரட்டிய எவருக்கும் இது தெரியும். அந்தப் பிழை வாக்காளர் செய்ததல்ல. ஆனால் ‘தந்தை பெயர் பொருந்தவில்லை’ என்ற நோட்டீஸ் அவருக்குத்தான் போகிறது.

கண்ணுக்கே தெரியாத பிழையும் உண்டு. ‘ஔ’வை ஒரே எழுத்தாக அடிக்கலாம், ‘ஒ’வும் ‘ள’வும் அடுத்தடுத்து அடித்தாலும் தாளில் ஏறத்தாழ அப்படியேதான் தெரியும். ‘ஸ்ரீ’யை ‘ஸ’விலிருந்தும் உருவாக்கலாம், ‘ஶ’விலிருந்தும் உருவாக்கலாம், பார்வைக்கு வேறுபாடு இல்லை. துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ அடிப்பது பழைய தட்டச்சுப் பழக்கம். மனிதக் கண் இவற்றை ஒன்றாகப் படிக்கும். கணினிக்கு இவை வேறு வேறு குறியீடுகள். கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடின் வழக்கமான ஒருங்காக்கம் (ஒரே எழுத்தின் வேறு வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் முறை) ‘கொ’ போன்ற உயிர்மெய்களின் இருவகைக் குறியீட்டைச் சரிசெய்யும். மேலே சொன்ன மூன்றையும் சரிசெய்யாது. தமிழுக்கென்று தனி விதி எழுதினால்தான் முடியும். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றதே 2010இல். 2002 பட்டியல் அதற்கு முந்தைய எழுத்துருக் காலத்தது. அதை இன்றைய குறியீட்டுக்கு மாற்றியவர் யார், எந்தக் கருவியால், மாற்றியதில் எத்தனை பெயர் சிதைந்தது என்று சோதித்தவர் யார்? பொருத்தம் என்று பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பெண்களுக்கு இதெல்லாம் இரட்டிப்பு. 2002இல் தந்தை பெயரோடு பதிவானவர் இன்று கணவர் பெயரோடு இருக்கிறார். இனிஷியல் மாறியிருக்கிறது, ஊர் மாறியிருக்கிறது, தொகுதியும் மாறியிருக்கலாம். பெயர், உறவினர், முகவரி என்று ஒப்பிடும் மூன்று தூணில் இரண்டு போய்விட்டன. மீதியிருக்கும் பெயரும் ‘லட்சுமி’ என்றால், ஒரு தொகுதியிலேயே ஆயிரக்கணக்கில் லட்சுமிகள். பெயரையும் பாலினத்தையும் சட்டப்படி மாற்றிக்கொண்ட திருநர்களுக்கு ஒரு தூணும் மிஞ்சாது. பொருந்தாதவர்களின் பட்டியலில் பெண்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை என்று உங்கள் தொகுதிக்கு மட்டும் எண்ணிப் பாருங்கள். எங்களை நம்ப வேண்டாம், எண்ணிக்கையை நம்புங்கள்.

வட்டாரப் பெயர்களையும் பாருங்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் இசக்கி, பேச்சி. தென் மாவட்டங்கள் பலவற்றில் கருப்பசாமி, முனியாண்டி. குலதெய்வத்தின் பெயரும் தாத்தாவின் பெயரும் பேரனுக்கு வரும் வழக்கத்தால் ஒரே கிராமத்தில் ‘கருப்பசாமி, த/பெ மாரிமுத்து’ நான்கு பேர் இருப்பது சாதாரணம். நல்ல பொருத்தக் கணக்கு அரிய பெயர் ஒத்தால் அதிக மதிப்பும், பரவலான பெயர் ஒத்தால் குறைந்த மதிப்பும் கொடுக்கும். ஆனால் எது அரிய பெயர் என்பதை மாநில அளவில் எண்ணினால் இசக்கி அரிதாகத் தெரியும். அந்த ஊரில் வீட்டுக்கொரு இசக்கி. ஆகவே பெயர் அடர்த்தியைப் பாக அளவிலோ தொகுதி அளவிலோ எண்ணாத மென்பொருள், தென்மாவட்டக் கிராமத்தில் இரட்டைப் பதிவை உற்பத்தி செய்யும்.

வயதுக்கு வருவோம். பிறந்த தேதிச் சான்று இல்லாத தலைமுறையின் வயது 40, 45, 50 என்று முழு எண்ணில் வந்து குவிவது மக்கள்தொகைக் கணக்கில் பழகிய எவருக்கும் தெரிந்த செய்தி. 2002இல் 45 வயதான ஒருவரை எழுதியவர் 40 என்று போட்டுவிட்டார் என்று வையுங்கள். கணினியின் பார்வையில் அவர் பிறந்தது 1962. அவர் மகன் 1976இல் பிறந்தவர். வித்தியாசம் 14, குறி விழுந்துவிட்டது. உண்மையான வித்தியாசம் 19. எழுதியவரின் ஐந்து வருட உத்தேசம் 23 ஆண்டுகள் கழித்து மகனின் குடியுரிமை மேல் சந்தேகமாக வந்து நிற்கிறது. பதினாறு, பதினேழு வயதில் திருமணமான பெண்கள் நிறைந்த தலைமுறை அது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 15 என்ற எல்லை எந்தக் கணக்கில் வந்தது என்றே புரியவில்லை.

‘ஆறு பேருக்கு மேல் இணைந்திருக்கிறார்கள்’ என்ற விதி இன்னும் வேடிக்கை. பழைய பட்டியலில் தன் பெயர் இல்லாதவர், அதில் இருக்கும் உறவினரைக் காட்டி இணையலாம் என்று வழி கொடுத்தது நீங்கள்தான். ஒரு பெரியவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவரையே காட்டினால் எண்ணிக்கை ஆறைத் தாண்டத்தானே செய்யும்? வழியையும் கொடுத்துவிட்டு, அந்த வழியில் வந்தவரையே சந்தேகிக்கும் விதி இது.

அடுத்தது எண்ணிக்கையின் பலம். இதை ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள். 6.41 கோடிப் பேரை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டால் கிடைக்கும் சோடிகள் சுமார் 20 கோடி கோடி. நூறு கோடி ஒப்பீட்டில் ஒரே ஒரு தவறு செய்யும் மென்பொருள் இருக்கிறது என்று வைப்போம். விற்பவர்கூட அவ்வளவு துல்லியத்தைச் சத்தியம் செய்து தரமாட்டார். அப்போதும் சுமார் 20 லட்சம் சோடிகள் தவறாகப் பொருந்தும். ஒரு தொகுதிக்குள் மட்டும் முகம் ஒப்பிட்டால்? சராசரி 2.74 லட்சம் வாக்காளர், 3,750 கோடி சோடிகள். பத்து லட்சத்தில் ஒரு தவறு என்றால் சுமார் 37,500 தவறான சோடிகள். ஒப்பீட்டுக்கு வரும் படங்களில் பல, பழைய அட்டையிலிருந்து மறுபடி படமெடுத்த, முகம் அஞ்சல்தலை அளவுகூட இல்லாத கறுப்பு வெள்ளைப் படங்கள். அதனால்தான் பட்டியல் முழுவதற்கும் ஓட்டும் ஒப்பீட்டில் ‘99 விழுக்காடு துல்லியம்’ என்ற பேச்சுக்குப் பொருளே இல்லை. குறி விழுந்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் இரட்டைப் பதிவு என்பதைத்தான் கேட்க வேண்டும். அதைக் களத்தில் எண்ணாமல் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் கான்சஸ் மாநிலம் நடத்திய ‘கிராஸ்செக்’ திட்டம் முதற்பெயர், கடைசிப் பெயர், பிறந்த தேதி ஆகிய மூன்றும் ஒத்தால் இரட்டைப் பதிவு என்று மற்ற மாநிலங்களுக்குப் பட்டியல் கொடுத்தது. அந்தத் திட்டம் முன்வைத்த நீக்கல் முறைகளில் ஒன்றை அப்படியே பின்பற்றினால், இரட்டை வாக்குக்குப் பயன்பட்ட ஒரு பதிவை நீக்குவதற்காக முறையாக வாக்களித்த சுமார் 300 பதிவுகள் போகும் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பிறந்த தேதி முழுமையாக இருக்கும் நாட்டின் நிலை இது. நம் பட்டியலில் பலருக்கு வயது மட்டும்தான்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. அங்கே வாக்காளர் பதிவு உள்ளாட்சி மன்றங்களின் வேலை. வீட்டுத்தலைவர் எல்லோருக்கும் எழுதித் தரும் முறையை விட்டுத் தனிநபர் பதிவுக்கு மாறியபோது, 2014க்கு முன்னால் 2013இல் ஒத்திகை பார்த்தார்கள். ஓய்வூதியத் துறையின் தரவோடு பட்டியலை ஒப்பிட்டதில் 78 விழுக்காடு பொருந்தியது, முடிவை வெளியிட்டார்கள். பொருந்தியவர் எதுவும் செய்யத் தேவையில்லை, தானாகவே பதிவு தொடர்ந்தது. பொருந்தாதவர் பெயர் உடனே போகவில்லை. உள்ளூர்த் தரவோடு மறுபடி ஒப்பிட்டு, கடிதம் எழுதி, வீட்டுக்கு ஆள் அனுப்பி, ஓராண்டுக்கு மேல் பெயரைப் பட்டியலில் வைத்திருந்தார்கள். அந்த மாற்றத்திலும் குறை சொன்னவர்கள் உண்டு; பெயர் விடுபட்டவர்களும் உண்டு. ஆனால் அடிப்படை சரி: பொருத்தம் கிடைத்தால் அது ஒருவரை உறுதி செய்யும் சான்று, பொருத்தம் கிடைக்காததால் அவர் தகுதியற்றவர் ஆகிவிட மாட்டார். நீங்கள் செய்வது இதன் தலைகீழ்.

நம் நாட்டில் முன்னுதாரணம் இல்லையா? 2015 மார்ச்சில் ஆதாரோடு பட்டியலை இணைத்துச் சுத்தம் செய்யும் திட்டம் தொடங்கியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நிறுத்தப்பட்டது. 2018 டிசம்பரில் தெலங்கானாவில் வாக்குப்பதிவு நாளன்று பெயரைக் காணாமல் திரும்பியவர்கள் ஏராளம்; தலைமைத் தேர்தல் அதிகாரி பொதுவில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பால் அன்றைய வாக்கு திரும்பவில்லை. பீகாரில் 2025 ஆகஸ்டில் வரைவுப் பட்டியலிலிருந்து போன 65 லட்சம் பெயர்களைக் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்று சொல்வதற்கே உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது.

சட்டம் இதில் குழப்பமாக இல்லை. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, நீக்குவதற்கு முன் உரிய விசாரணையும் கருத்துச் சொல்ல நியாயமான வாய்ப்பும் கேட்கிறது. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரின் பெயரை எடுப்பதென்றால் முறையான நோட்டீஸும் திறந்த மனதோடு விசாரணையும் வேண்டும் என்று லால் பாபு உசேன் வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 32ஆம் பிரிவையும் நினைவூட்டுகிறோம்: பட்டியல் தயாரிப்பில் நியாயமான காரணமின்றிக் கடமை தவறும் அலுவலருக்குக் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை. அந்தப் பிரிவு மென்பொருள் எழுதியவரைச் சொல்லவில்லை. மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. ‘சிஸ்டத்தில் அப்படித்தான் வந்தது’ என்பது நியாயமான காரணம் ஆகுமா என்று நீங்களே உங்கள் சட்ட அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள்.

களத்தில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். பி.எல்.ஓ. என்பவர் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளர் அல்லது பள்ளி ஆசிரியர். சொந்த வேலைக்கு மேல் ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட ஒரு பாகம் அவர் தலையில். செயலியில் சிவப்பாக வந்த பெயரைத் தவறு என்று எழுதினால் மேலிடம் விளக்கம் கேட்கும். சரி என்று தட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள். இந்த ஒன்று போதும், மனிதச் சரிபார்ப்பு வெறும் ஒப்புதலாகச் சுருங்குவதற்கு. திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலும் செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் இருப்பவர்கள் பகலில் வீட்டில் இருக்கமாட்டார்கள். ‘வீடு பூட்டியிருந்தது’ என்பது ‘இடம்பெயர்ந்தவர்’ ஆகிவிடுகிறது. விசாரணைக்கு வரச்சொன்னால் ஒரு நாள் கூலி போகும். வந்தவரிடம் என்ன ஆவணம் எதற்காகக் கேட்கிறீர்கள் என்பது நோட்டீஸில் இருப்பதில்லை. முரண்பாடு என்று ஒரு சொல் இருக்கும். எதற்கும் எதற்கும் முரண்பாடு?

பொதுமக்கள் தரப்பில் சரிபார்க்கவும் வழி அடைபட்டிருக்கிறது. கட்சிகளுக்கும் மக்களுக்கும் கிடைப்பது படமாக மாற்றப்பட்ட பி.டி.எஃப். பக்கங்கள். தேடக்கூடிய வடிவில் கேட்டதை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, அது சட்டநிலை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் கணினி வைத்து ஒப்பிடும்போது, மறுபக்கம் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்பதும் நடப்பு.

மாநிலத் தேர்தல் ஆணையத்துக்குத் தனியே ஒரு சொல். ஊராட்சி வார்டுக்கும் மாநகராட்சி வார்டுக்கும் நீங்கள் தனியாகப் பட்டியல் தயாரிப்பதில்லை. சட்டமன்றப் பட்டியலை வார்டு வாரியாகப் பிரிக்கிறீர்கள். அங்கே போன பெயர் இங்கேயும் போகும். 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் நிர்வாகம் வந்தது. உள்ளாட்சித் தேர்தல் எப்போது வந்தாலும் அடிப்படை இந்தப் பட்டியல்தான். சட்டமன்றத் தொகுதியில் இருபது பெயர் தவறாகப் போனால் முடிவு மாறாமல் போகலாம். சில நூறு வாக்குகளே உள்ள ஊராட்சி வார்டில் ஒற்றை இலக்க வித்தியாசத்தில் வெற்றி தோல்வி முடிவாவதும், சமமாகிக் குலுக்கல் போடுவதும் புதிதல்ல. ஒரு தெருவே நீங்கினால் அந்த வார்டின் உறுப்பினரே மாறிவிடுவார்.

எனவே நாங்கள் கேட்பவை இவை.

வாக்காளர் பதிவு அதிகாரிகளிடம்: மென்பொருளின் குறியை மட்டும் காரணமாகக் காட்டி ஒரு பெயரையும் நீக்காதீர்கள், நோட்டீஸும் அனுப்பாதீர்கள். நோட்டீஸுக்கு முன் பி.எல்.ஓ. இரண்டு பதிவையும் தமிழ் வடிவில் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்து, எழுத்துக்கூட்டல், இனிஷியல், எழுத்துப்பெயர்ப்பு, வயது உத்தேசம் ஆகிய நான்கில் எதனால் வேறுபாடு என்று எழுதட்டும். இந்த நான்கில் அடங்கும் வேறுபாட்டை வாக்காளரை அழைக்காமல் அலுவலகத்திலேயே தீர்த்து முடியுங்கள். நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் அதில் எந்த விதி, எந்த இரண்டு பதிவுகள், பாகம் எண், வரிசை எண், எந்த விவரம் எதோடு பொருந்தவில்லை, என்ன காட்டினால் தீரும் என்பதைத் தமிழில் எழுதுங்கள். விசாரணையை அந்த வாக்குச்சாவடியிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து, வையுங்கள். நீக்கினால் காரணத்தோடு கூடிய உத்தரவைக் கையெழுத்திட்டு அவர் கையில் கொடுங்கள். 15 நாளில் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடமும், அதன்பின் 30 நாளில் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம் என்று அந்த உத்தரவிலேயே அச்சிடுங்கள்.

மாவட்டத் தேர்தல் அதிகாரிகளிடம்: குறி விழுந்த பெயர்களில் குலுக்கல் முறையில் தொகுதிக்கு 400 பேரை எடுத்து, அந்தப் பாகத்தோடு தொடர்பில்லாத அலுவலரை வைத்து வீட்டுக்கு வீடு விசாரியுங்கள். எத்தனை குறி சரி, எத்தனை தவறு என்பதை விதி வாரியாக, ஆண், பெண், திருநர் வாரியாக வெளியிடுங்கள். பத்தில் ஒன்றுக்கு மேல் தவறும் எந்த விதியையும் உங்கள் மாவட்டத்தில் நிறுத்தி வைக்கக் கோரி மேலே எழுதுங்கள். குறி விழுந்த பெயர்களின் பட்டியலைக் காரணத்தோடு ரேஷன் கடையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் வார்டு அலுவலகத்திலும் ஒட்டுங்கள்.

தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் இந்தியத் தேர்தல் ஆணையத்திடமும்: ஒப்பீட்டு விதிகள், எல்லை மதிப்பெண்கள், எழுத்துப்பெயர்ப்பு முறை, 2002 பட்டியலை எண்ணிமமாக்கிய முறை ஆகியவற்றை ஆவணமாக வெளியிடுங்கள். மென்பொருளின் மூலநிரல் வேண்டும் என்று இப்போது கேட்கவில்லை, விதி வேண்டும். ஒவ்வொரு மாநில மொழிக்கும் தனியே ஒத்திகை நடத்தி முடிவை வெளியிட்ட பிறகே விதியை நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். பி.எல்.ஓ. ஒரு குறியை ‘தவறு’ என்று நிராகரித்தால் அதற்காக அவரிடம் விளக்கம் கேட்கக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். பதிவு பொருந்தினால் ஆவணம் கேட்காமல் உறுதி செய்யக் கணினியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

மாநிலத் தேர்தல் ஆணையத்திடம்: வார்டு பட்டியலை இறுதி செய்வதற்கு முன், கடைசித் திருத்தத்தில் நீங்கிய பெயர்களை வார்டு வாரியாகக் காரணத்தோடு வெளியிட்டு, பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுத்துச் சட்டமன்றப் பட்டியலில் மீண்டும் சேர்ந்து உங்கள் பட்டியலுக்கும் வர முழுதாக 30 நாள் அவகாசம் கொடுங்கள்.

இந்த மடல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறோம். உங்கள் தொகுதியில் எந்தெந்த விதி ஓடுகிறது, இதுவரை எத்தனை பேருக்குக் குறி விழுந்தது, அதில் எத்தனை பேர் நேரில் விசாரிக்கப்பட்டார்கள் என்ற மூன்று கேள்விக்காவது அதில் பதில் இருக்கட்டும். வராவிட்டால் இதே மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 234 தொகுதிகளுக்கும் கேட்போம்.

இப்படிக்கு,
வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பில் ஈடுபட்டுள்ள தன்னார்வலர்களும் தரவுப் பணியாளர்களும்